புகைக்கூட்டை அடைத்தால் அடுப்பு அணையுமா?



தைமாதத்துப் பிற்பகல் ஒன்று. மெல்பேணின் தென்கிழக்கே டண்டினோங் பகுதியில் ஒரு சிறிய வீட்டின் முன்னறை. வெளியே வெப்பநிலை 40 பாகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வன்னியிலிருந்து வந்து சேர்ந்த முதியவர் ஒருவர், தாம் கண்டவற்றையும் இழந்தவற்றையும் முதற்தடவையாக எமக்குச் சொல்ல இணங்கியிருந்தார். அவர் பேச்சைப் பதிவு செய்வதற்கென எமது பழைய மடிக்கணனியை மேசையில் வைத்திருந்தோம்.

பேச்சுத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆவதற்குள் கணனியின் விசிறி இரையத் தொடங்கியது. முதலில் மெல்லிய சீழ்க்கை போன்ற ஒலி. பின்னர் எழுந்தும் தணிந்தும் வரும் இரைச்சல். அது எழும்போதெல்லாம் பெரியவர் பேச்சை நிறுத்தினார். அவர் பார்வை கூரைக்குச் சென்று திரும்பியது. நான்காவது தடவை அவர் சொன்னார்: “தம்பி, உந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிப்பாட்டேலாதோ? ஹெலி சுத்துற மாதிரிக் கிடக்கு.”

நாம் நிறுத்தினோம். விசிறியின் வேகத்தைப் பூச்சியத்துக்கு இறக்கும் கட்டளை எமக்குத் தெரிந்திருந்தது. அறை அமைதியாயிற்று. பெரியவர் இடையறாது பேசினார். சுமார் இருபது நிமிடம் கழிந்த பின்னர் கணனியின் திரை திடீரெனக் கறுத்தது. வெப்பம் எல்லையைத் தாண்டியதால், தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுக் கணனி தானாகவே அணைந்துவிட்டது. மூடியதும் அழிந்துபோகும் தற்காலிகப் பகுதியொன்றிலேயே நாம் பதிவு செய்துகொண்டிருந்தோம். ஆகவே அந்தப் பேச்சு முழுவதும் எம் கைவிட்டுப் போயிற்று.

பிழை கணனியினுடையது அன்று, எம்முடையது. அன்று நாம் செய்த தவறு என்ன, அதனைச் செய்யாமலே விசிறியின் இரைச்சலைத் தணிப்பது எவ்வாறு என்பதை இவ்வாரப் பத்தியில் எடுத்துரைக்க விரும்புகின்றோம். எமது மக்களின் வாக்குமூலங்களையும் வழக்குப் பத்திரங்களையும் கணனியில் வைத்திருக்கும் அன்பர்கள் சிட்னியிலும் மெல்பேணிலும் பலர் உளர். அவர்களுக்கு இது பயன்படும் என நம்புகின்றோம்.

பாதுகாப்பு எதற்கு?

“ஒரு சாதாரணக் கணனியில் பதிவு செய்தால் போதாதா? இத்தனை பாதுகாப்பு எதற்கு?” என்று சிலர் வினவக்கூடும். அதற்கான விடை இந்நாட்டிலேயே உண்டு.

2014 பெப்ரவரியில் அவுஸ்திரேலியக் குடிவரவுத் திணைக்களம், தடுப்பு முகாம்கள் பற்றிய புள்ளிவிபர அறிக்கை ஒன்றைத் தனது இணையத்தளத்தில் வெளியிட்டது. எவரும் பார்க்கக்கூடிய அந்த ஆவணத்தின் உள்ளே, தடுத்து வைக்கப்பட்டிருந்த 9,200க்கும் மேற்பட்டோரின் விபரங்கள் அடங்கிய அட்டவணையும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பெயர், பிறந்த திகதி, நாட்டுரிமை, வந்த படகு பற்றிய விபரம் என யாவும் அதில் இருந்தன. ஏறத்தாழ எட்டு நாட்கள் அது அவ்வாறே கிடந்தது. எவர் கையில் தம் பெயர் அகப்படக் கூடாதென அஞ்சி இம்மக்கள் ஓடிவந்தார்களோ, அவர்களும் அதனைத் திறந்து பார்த்திருக்கலாம் என்ற அச்சம் பலரை இன்றும் விட்டகலவில்லை. 2021 ஜனவரியில், தமக்கு நேர்ந்த பாதிப்பை எடுத்துரைத்த 1,297 பேருக்கு இழப்பீடு வழங்க வேண்டுமெனத் தகவல் ஆணையாளர் தீர்மானித்தார்.

அங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை, கள்வர் வரவில்லை. ஒன்றோடொன்று சேரக்கூடாத இரண்டு தாள்கள் ஒரே கோப்பில் சேர்ந்திருந்தன, அவ்வளவே. ஓர் அரச திணைக்களத்துக்கே இது நேருமாயின், பிள்ளைகள் விளையாடும் அதே கணனியில் ஒருவரது வாக்குமூலத்தையும் வைத்திருக்கும் எமக்கு நேராதென்று எவ்வாறு கூறமுடியும்?

நாற்சார் வீடு

இவ்வாறு ஒன்று மற்றொன்றோடு கலவாதிருப்பதற்கென்றே ஆக்கப்பட்டது கியூப்ஸ் என்னும் இயங்குதளம். போலந்து நாட்டைச் சேர்ந்த யோவன்னா ருட்கோவ்ஸ்கா என்ற பெண்மணி 2010இல் இதனை அறிமுகம் செய்தார். முதலாவது முழுப் பதிப்பு 2012 செப்டெம்பரில் வெளிவந்தது. தாமும் இதனையே பயன்படுத்துவதாக எட்வேட் ஸ்நோடன் 2016இல் தெரிவித்த பின்னர் பலர் கவனம் இதன்பால் திரும்பியது. இது இலவசமானது.

ஊரிலுள்ள நாற்சார் வீடொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியாரை வரவேற்க விறாந்தை, உறவினருக்கு ஓர் அறை, நெல்லுக்கும் பத்திரங்களுக்கும் ஓர் அறை, எவரும் கால் கழுவாது நுழையக்கூடாத சாமியறை என ஒவ்வொன்றும் தனித்தனி. விறாந்தைக்கு வந்தவர் சாமியறைக்குள் செல்லார். கியூப்ஸும் அவ்வாறே ஒரு கணனியைப் பல அறைகளாகப் பிரிக்கிறது. இணையத்தில் உலாவ ஓர் அறை. மின்னஞ்சலுக்கு ஓர் அறை. இணையத் தொடர்பே இல்லாத ஆவண அறை ஒன்று. ஒவ்வோர் அறையினுள்ளும் தனியொரு லினக்ஸ் இயங்கும். இணைய அறையில் நச்சு நிரலொன்று புகுந்தாலும் ஆவண அறைக்கு அது எளிதில் வரமுடியாது. ‘டொம் 0’ என வழங்கும் ஆட்சி அறையே இவ்வீட்டின் சாமியறை. அதற்கு இணையத் தொடர்பு கிடையாது. இவ்வறைகளுக்கெல்லாம் அடியில் அத்திவாரம் போல் இருப்பது, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் முதன்முதலில் வெளிவந்த ஸென் என்னும் மென்பொருள்.

எமது விடயத்துக்கு இங்கேதான் வருகின்றோம். அறைகள் பல; அடுப்போ ஒன்றுதான். எல்லா அறைக்கும் சமைப்பது ஒரே நுண்செயலி. அது வேலை செய்யும்போது எழும் வெப்பம், உள்ளே நீராவியாகியும் குளிர்ந்தும் ஓடும் செப்புக்குழாய் ஒன்றின் வழியே மெல்லிய உலோகத் தகடுகளுக்குச் செல்கிறது. விசிறி அத்தகடுகளூடாகக் காற்றை ஊதி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. விசிறிதான் இவ்வீட்டின் புகைக்கூடு. புகைக்கூடு இரைகிறதென்று அதனை அடைத்தால் அடுப்பு அணையாது. வீடுதான் புகையால் நிரம்பும். டண்டினோங்கில் அன்று நாம் செய்தது அதுவே. தணிக்க வேண்டியது அடுப்பை.

முதலில் எங்கே எரிகிறதென்று பார்த்தல்

வெப்பத்தையும் விசிறியின் வேகத்தையும் அறிய, டொம் 0 அறையில் ‘சென்சர்ஸ்’ என்னும் கட்டளை உதவும். திங்க்பாட் வகை மடிக்கணனிகளில் அது நிமிடத்துக்கு விசிறி எத்தனை தடவை சுற்றுகிறதென்பதையும் காட்டும். பல இன்ரெல் நுண்செயலிகளின் எல்லை 100 அல்லது 105 பாகை. எல்லையை நெருங்கியதும் நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைக்கும். அதுவும் போதாவிடின் கணனி அணைந்துவிடும். சும்மா இருக்கும்போது 45 முதல் 55 பாகை வரையும், வேலையின்போது 80 பாகைக்குக் கீழும் இருந்தால் கவலை வேண்டியதில்லை என்பது எமது அனுபவம்.

அடுத்து, எந்த அறை அடுப்பைக் கூடுதலாக எரிக்கிறதென்று பார்க்கவேண்டும். சாதாரண லினக்ஸில் ‘ரொப்’ என்னும் கட்டளை யாவற்றையும் காட்டிவிடும். கியூப்ஸிலோ, டொம் 0 அறையில் அதனை இட்டால் அந்த ஓர் அறையின் நிலைமை மட்டுமே தெரியும். அங்கே யாவும் அமைதியாகத் தோன்ற, வேறோர் அறையில் நெருப்புக் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருக்கும். பலர் மயங்கும் இடம் இது. எல்லா அறைகளையும் ஒருங்கே காட்டுவது ‘ஸென்ரொப்’ என்னும் வேறொரு கட்டளை. நாம் அதனைக் கொண்டு பார்த்தபோது, பதிவு அறை பெரிதாக எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. முதல்நாள் திறந்து மறந்துவிட்ட உலாவி அறையில் செய்தித்தளம் ஒன்றின் விளம்பரப் படம் ஓயாது ஓடிக்கொண்டிருந்தது.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். அறைகள் பல திறந்திருப்பதனால் மட்டும் வெப்பம் ஏறுவதில்லை. சும்மா இருக்கும் அறை நினைவகத்தில் இடம்பிடிக்குமேயன்றி அடுப்பை அதிகம் எரிக்காது. உள்ளே நடக்கும் வேலையே வெப்பத்தைத் தருகிறது.

காணொளிதான் பெருந்தீனிக்காரன். சாதாரண இயங்குதளங்களில் காணொளியை விரித்துக் காட்டும் வேலையைப் படச்செயலி பார்த்துக்கொள்ளும். கியூப்ஸின் அறைகளுக்குப் பாதுகாப்புக் கருதிப் படச்செயலியின் அந்த உதவி கொடுக்கப்படுவதில்லை. ஆகவே முழுச்சுமையும் நுண்செயலியின் தலையில் விழும். படம் பார்ப்பதற்கு வேறு கருவியைப் பயன்படுத்துங்கள். தவிர்க்க முடியாதாயின் தெளிவின் அளவைக் குறைத்துப் பாருங்கள். அந்த உலாவி அறைக்கு ஒதுக்கப்படும் செயலிக் கருக்களின் எண்ணிக்கையை அறையின் அமைப்புகளில் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். அதன் பின்னர் அந்த அறை என்ன செய்தாலும் அடுப்பின் ஒரு வாயை மட்டுமே எரிக்கமுடியும்.

தூசும் இடமும்

மென்பொருளைத் தொடுமுன் திருப்புளியைத் தொடுங்கள் என்பது எமது ஆலோசனை. எமது கணனியின் அடிமூடியைக் கழற்றியபோது, தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையே கம்பளித்துண்டு போல் ஒரு படலம் படிந்திருந்தது. அவுஸ்திரேலிய வீடுகளின் நிலக்கம்பளத் தூசும், பூனை மயிரும், எமது சமையலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து உண்டாக்கிய படலம் அது. காற்றுப் போக வழியில்லாதபோது விசிறி எத்தனை வேகமாகச் சுற்றினும் பயன் சொற்பமே. சத்தம் மட்டும் மிஞ்சும்.

கணனியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, பற்றரியையும் கழற்றிய பின்னரே துப்புரவு செய்யவேண்டும். கழற்றமுடியாத பற்றரியாயின் அதன் இணைப்பைப் பலகையிலிருந்து பிரிக்கவேண்டும். பற்றரி வீங்கியிருப்பதாகத் தெரிந்தால் அதனைத் தொடாது, விடயமறிந்தவரிடம் ஒப்படையுங்கள். அமுக்கக் காற்றுக் குவளையால் ஊதும்போது விசிறியின் இதழை ஒரு சிறு குச்சியால் பிடித்துக்கொள்ளல் அவசியம். இல்லையேல் காற்று அதனைக் கட்டுமீறிச் சுழற்றித் தாங்கியைப் பழுதாக்கிவிடும்.

பத்து ஆண்டுகள் கடந்த கணனியாயின் நுண்செயலிக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையிலுள்ள வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருக்கும். பழையதைத் தூய மதுசாரத்தால் துடைத்துவிட்டு, பயற்றம் மணியளவு புதிய பசையை இட்டால் போதும். ஜேக்கார் போன்ற மின்னணுக் கடைகளில் இப்பசை கிடைக்கும். கூட இடுவதால் கூடுதல் பயன் இல்லை. எமது கணனியில் இவ்விரண்டையும் செய்தபின், அதே வேலையின்போது வெப்பம் 14 பாகை குறைந்தது. ஒரு கட்டளையும் இடாமல் பெற்ற பயன் இது.

கணனியை வைக்கும் இடமும் முக்கியமானது. மெத்தையிலோ மடியிலோ வைத்தால் அடியிலுள்ள காற்றுவாய் அடைபடும். பின்புறத்தை இரண்டு விரற்கடை உயர்த்திக் கடினமான பலகையில் வையுங்கள். அறையின் வெப்பத்தையும் மறந்துவிடலாகாது. ஒரு வேலை நுண்செயலியை அறைவெப்பத்தை விட 45 பாகை உயர்த்துமாயின், 22 பாகை அறையில் அது 67 பாகையில் நிற்கும். 38 பாகை அறையில் 83ஐ எட்டும். மெல்பேண் 2009 பெப்ரவரி 7இல் 46.4 பாகையைக் கண்டது. சிட்னியின் மேற்கே பென்றித்தில் 2020 ஜனவரி 4இல் 48.9 பாகை பதிவாகியது. வென்ற்வேத்வில், பெண்டில் ஹில், ரூங்கபி என எம்மவர் செறிந்து வாழும் பகுதிகள் யாவும் அந்த மேற்குப் புறத்திலேயே உள்ளன. குளிரூட்டி இல்லாத வாடகை வீட்டில் கோடைப் பிற்பகலில் முக்கிய பதிவொன்றை வைத்துக்கொள்ளாது, காலை எட்டு மணிக்கு வைத்துக்கொள்வது எந்த மென்பொருளிலும் மேலான வைத்தியம்.

அடுப்பைத் தணித்தல்

இனி மென்பொருளுக்கு வருவோம். நுண்செயலி உண்ணும் மின்வலு, அதன் மீடிறனோடும் வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் ஏறியிறங்குவது. மீடிறனை 20 வீதம் குறைக்கும்போது வோல்ற்றளவும் 10 வீதம் இறங்குமாயின், மின்வலு ஏறத்தாழ 35 வீதம் குறைந்துவிடும். வேகத்தில் சிறிதை விட்டுக்கொடுத்தால் வெப்பத்தில் பெரிதைத் தவிர்க்கலாம் என்பது இதன் பொருள்.

நுண்செயலிகளில் ‘ரேபோ’ என்றொரு வசதி உண்டு. அவசரத்துக்கு இயல்பான வேகத்தையும் மீறி ஓடுவது அது. உதாரணமாக, 2012இல் வந்த திங்க்பாட் எக்ஸ் 230 கணனிகள் பலவற்றில் இருக்கும் ஐ5-3320எம் நுண்செயலியின் இயல்பான மீடிறன் 2.6 கிகாஹேட்ஸ், ரேபோவில் அது 3.3 வரை ஏறும். கடிதம் எழுதவும் பேச்சைப் பதியவும் இந்த அவசரம் எதற்கு? ரேபோவை நிறுத்துவதே விசிறியைத் தணிக்கும் மிக எளிய வழி.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். சாதாரண லினக்ஸுக்கென்று எழுதப்பட்ட வழிகாட்டிகள், ரி.எல்.பி., சீபியூ பவர் முதலிய கருவிகளைப் பரிந்துரைக்கும். அவற்றை டொம் 0 அறையில் நிறுவினாலும் நுண்செயலியின் வேகம் மாறாது. ஏனெனில் கியூப்ஸில் அந்த அதிகாரம் எந்த லினக்ஸின் கையிலும் இல்லை. அத்திவாரமாகிய ஸென்னின் கையில் இருக்கிறது. ஸென்னோடு பேசுவதற்கு உரிய கருவி ‘ஸென்பிஎம்’ என்பது. கியூப்ஸோடு கூடவே வரும் இக்கருவியால் ரேபோவை நிறுத்தலாம், உச்ச மீடிறனுக்கு ஓர் எல்லை வகுக்கலாம், சிக்கனப் போக்கைத் தெரிவு செய்யலாம். கணனியை மீளத் தொடங்கினால் இவை மறைந்துவிடும். ஆகையால், தொடங்கும்போதெல்லாம் தானாக இயங்கும் சிறு நிரலாக இவற்றை எழுதி வைத்தல் நன்று. மூடி உறங்கவிட்டு எழுப்பிய பின்னரும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புகைக்கூட்டைத் தொடுதல் கடைசியிலேயே

இத்தனையும் செய்த பின்னரும் விசிறி தேவைக்கு மீறி இரைந்தால் மட்டும் அதன் மீது கை வையுங்கள். முதலில் பயோஸைத் திறந்து பாருங்கள். திங்க்பாட் கணனிகள் பலவற்றில், வெப்பத்தை எவ்வாறு நிர்வகிப்பதென்ற தெரிவு மின்வலுப் பகுதியில் உண்டு. வேகத்துக்கு முதலிடம் கொடுக்கும் தெரிவுக்குப் பதிலாகச் சமநிலைத் தெரிவை எடுத்தால் சத்தம் குறையும். வேறு வகைக் கணனிகளில் விசிறி பெரும்பாலும் உள்ளேயுள்ள தனிக் கட்டுப்பாட்டுச் சில்லின் பிடியிலேயே இருப்பதால் பயோஸ் ஒன்றே வழியாக அமையும்.

திங்க்பாட்டில் மேலும் செல்ல விரும்புவோருக்கு ‘திங்க்ஃபான்’ என்னும் நிரல் உண்டு. அங்கே விசிறிக்குப் பூச்சியம் முதல் ஏழு வரை நிலைகள் உள. எந்த வெப்பத்தில் எந்த நிலை என்று நாமே ஓர் அட்டவணை வகுக்கலாம். லினக்ஸின் திங்க்பாட் இயக்கு நிரல் இதற்கான அனுமதியை இயல்பாகத் தருவதில்லை. நாமே அதனைத் திறந்துவிட வேண்டும். அவ்வாறு மூடி வைத்தமைக்கு என்ன காரணம் என்பதை அந்தத் தைமாதத்தில் நாம் கற்றுக்கொண்டோம்.

அட்டவணை வகுக்கையில் இரண்டு விதிகளை மறவாதீர்கள். ஒன்று, நிலைகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும். முதலாம் நிலை 60 பாகையில் இரண்டாம் நிலைக்கு ஏறுமாயின், 54 பாகைக்கு இறங்கிய பின்னரே திரும்பிவரச் செய்யுங்கள். ஏறுவதும் இறங்குவதும் ஒரே எண்ணில் இருந்தால் விசிறி நொடிக்கொரு தடவை எழுந்து தணியும். சீரான ஓசை காதுக்குப் பழகிவிடும். ஏறியிறங்கும் ஓசை பழகாது. பெரியவரின் பேச்சை முறித்தது இரைச்சலின் அளவு மட்டுமன்று. அது எழுந்தெழுந்து வந்த விதமும்தான்.

இரண்டாவது, கோடையில் பூச்சிய நிலையை அட்டவணையில் சேர்க்கவே வேண்டாம். உச்சத்தில் கட்டுப்பாட்டைக் கணனியிடமே ஒப்படைக்கும் தன்னியக்க நிலையை வையுங்கள். இயக்கு நிரலில் காவல் ஏற்பாடும் ஒன்று உண்டு. விசிறியை ஆளும் நிரல் செயலிழந்து கட்டளை வராதுபோனால், குறித்த நேரத்தின் பின் விசிறி தன்னியக்க நிலைக்குத் திரும்பிவிடும். அந்நேரத்தை உச்சமாக 120 விநாடி வரை வைக்கலாம். அன்று நாம் இந்தக் காவலை வைத்திருந்தால் விசிறி மீண்டும் இரைந்திருக்கும், பேச்சு அழிந்திராது.

விசிறி சற்றுத் தணிந்தாலே செவிக்கு எத்தனை ஆறுதல் என்பதற்கும் கணக்கு உண்டு. வேகம் 20 வீதம் குறைந்தால் ஒலி ஏறத்தாழ 5 டெசிபெல் இறங்கும். பாதியாகக் குறைந்தால் ஏறத்தாழ 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே மனிதச் செவிக்கு அது பாதிச் சத்தமாகத் தோன்றும். விசிறியை முற்றாக நிறுத்த வேண்டிய தேவையே இல்லை என்பது இதனால் தெளிவாகும்.

அமைதிக்காக விற்கக்கூடாதவை

இனிக் கூறப்போவதே இப்பத்தியின் சாரம் எனலாம். இரைச்சல் தாங்காது பலர் தம் பாதுகாப்பையே விலையாகக் கொடுத்துவிடுகின்றனர்.

சிலர், கியூப்ஸ் மூடி வைத்திருக்கும் ‘ஹைப்பர் திரெடிங்’ என்னும் வசதியைத் திறந்துவிடுகின்றனர். ஒரு கருவை இரண்டாகத் தோன்றச் செய்யும் அவ்வசதி கணனியை விரைவாக்கி இளைப்பாற வைக்கும் என்பது அவர்கள் எண்ணம். இன்ரெல் நுண்செயலிகளில் இருந்த குறைபாடொன்று 2018 ஒகஸ்டில் பகிரங்கமான பின்னரே அது மூடப்பட்டது. ஒரே கருவைப் பகிரும் இரண்டு அறைகளில், ஒன்று சிந்தியதை மற்றையது பொறுக்கிப் பார்க்க வழியிருந்தது. சுவரில் துளையிட்டு வீட்டைக் குளிர்விக்க வேண்டாம்.

சிலர், இற்றைப்படுத்தலின்போது விசிறி அலறுவதால் அதனையே தள்ளிப்போடுகின்றனர். வார்ப்பு அறைகளைப் புதுப்பிக்கும்போது நுண்செயலி கடுமையாக உழைப்பது உண்மையே. அதற்கு மருந்து நேரத்தை மாற்றுவது. பதிவுக்கு முதல்நாள் இரவு, சமையலறை மேசையில் கணனியை விட்டுவிட்டு உறங்கச் செல்லுங்கள்.

சிலர், எங்கோ கிடைத்த விசிறி நிரலொன்றைப் பென்றைவில் கொண்டுவந்து டொம் 0 அறையில் நிறுவிவிடுகின்றனர். சாமியறைக்குள் வழிப்போக்கனை விடுவதற்கு ஒப்பானது இது. அந்த அறை பறிபோனால் எல்லா அறைகளும் பறிபோனவையே. கியூப்ஸ் தரும் வழியூடாக, கையொப்பம் சரிபார்க்கப்பட்டு வரும் பொதிகளையன்றி வேறெதையும் அங்கே வைக்காதீர்கள்.

இன்னும் சிலர் சலித்துப்போய்ப் பழைய சாதாரணக் கணனிக்கே திரும்பிவிடுகின்றனர். இதுவே மிகப் பெரிய இழப்பு. பாதுகாப்பு ஏற்பாடொன்று தோற்பது எதிரியின் கெட்டித்தனத்தால் மட்டுமன்று. சத்தம், சூடு, தாமதம் போன்ற சின்னஞ்சிறு தொல்லைகள் நாளாந்தம் தின்று தீர்ப்பதாலும் அது தோற்கிறது. ஆகவே விசிறியைத் தணிப்பதும் பாதுகாப்பு வேலையே.

பதிவு நாளில்

நாம் இப்பொழுது கைக்கொள்ளும் ஒழுங்கைச் சுருக்கமாகத் தருகின்றோம். ரேபோவை முன்கூட்டியே நிறுத்திவிடுகின்றோம். பதிவு அறையைத் தவிர ஏனைய உலாவி, மின்னஞ்சல் அறைகளை மூடுகின்றோம். இணைய அறையையும் மூடுகின்றோம். அன்று இணையத்துக்கு வேலை இல்லை. கியூப்ஸில் ஒலிவாங்கி இயல்பாக எந்த அறைக்கும் கொடுக்கப்படுவதில்லை. நாமே பதிவு அறைக்கு இணைத்து, முடிந்ததும் பிரித்துவிடுகின்றோம். தற்காலிக அறையில் பதிவதை விட்டு, இணையத் தொடர்பற்ற நிரந்தர அறையில், பத்து நிமிடத்துக்கொரு கோப்பாகச் சேமிக்கின்றோம்.

மடிக்கணனியினுள்ளே இருக்கும் ஒலிவாங்கி விசிறிக்கு அயலிலேயே இருப்பதால் அதனைப் பயன்படுத்துவதில்லை. கம்பியுள்ள சிறிய ஒலிவாங்கியைப் பேசுபவரின் சட்டையில் செருகி, கணனியைக் கம்பி எட்டும் தூரத்துக்குத் தள்ளி வைக்கின்றோம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபெல் குறையும். அறையினுள் அதனிலும் சற்றுக் குறைவாக இறங்கினும் வேறுபாடு நன்கு தெரியும்.

பேச்சைத் தொடங்குமுன் இன்னொன்றும் செய்கின்றோம். கணனியின் விசிறியை உரத்து ஓடவிட்டுப் பேசுபவருக்குக் கேட்பிக்கின்றோம். “இது இந்தப் பெட்டியின் விசிறிச் சத்தம், வேறொன்றுமில்லை” என்று காட்டிவிடுகின்றோம். எமது மக்களில் பலருக்கு மேலிருந்து வரும் ஓசை எதுவும் வெறும் ஓசை அன்று என்பதை நாம் மறந்திருந்தோம்.

ஐந்து மாதங்களின் பின்னர், குளிர்காலக் காலை ஒன்றில், அப்பெரியவர் மீண்டும் எம்மோடு அமர்ந்தார். விசிறி முதலாம் நிலையில், தூரத்து மழை போல் சீராக ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவையேனும் கூரையைப் பார்க்கவில்லை. இரண்டு மணிநேரம் பேசினார். யாவும் தெளிவாகப் பதிவாயிற்று. ஆயினும் அன்று தொலைந்துபோன அந்த இருபது நிமிடக் கதையை அவர் திரும்பவும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

வாசகர்களே, உங்கள் கணனியின் விசிறி இன்றிரவு இரையுமாயின், அதன் வாயை மூட அவசரப்படாதீர்கள். எந்த அறையில் அடுப்பு எரிகிறதென்று முதலில் எழுந்து சென்று பாருங்கள்.